தராசை இறக்கிய குளிர்காலம்: ஈரோட்டுத் தூண்டில் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் போகிற சிறு குழு எங்களுடையது. சங்கமாகப் பதிவு செய்யவில்லை, பெயர்ப்பலகையும் கிடையாது. தறி ஓட்டுகிறவர்கள், மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர்கள், லேத் பட்டறைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஜவுளிச் சந்தையில் கடை போடுகிறவர்கள் என்று பல தொழில் ஆட்கள். சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடப்பதால், வியாபாரிகளுக்கு ஞாயிறை விட்டால் வேறு நாள் வாய்க்காது. கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் இதை எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. கார்த்திகை தொடங்கி தை வரைக்குமான குளிர்கால மாதங்களில் எங்கள் குழு எப்படிக் கலையத் தொடங்கியது, எதை மாற்றியதால் திரும்பக் கூடியது என்பதை நடந்தபடி சொல்கிறேன். வேறு ஊரில் இதேபோலக் குழு வைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேட்டூர் ரோட்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் கூடுவோம். டீ, தேங்காய் பன், அரை மணி நேரப் பேச்சு. பிறகு ஆளுக்கொரு பெட்டியைத் திறந்து முள் கட்டுவது, ரீலுக்கு எண்ணெய் விடுவது, பழைய தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, கழற்றிப் புதுசு சுற்றுவது. உறுப்பினர் வீட்டு விசேஷம் எதுவானாலும் எல்லோரும் போவோம். மொய் நோட்டில் எங்கள் வரி ‘தூண்டில் குழு’ என்றுதான் ஏறும். எழுத உட்கார்ந்தவர் பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, “தூண்டிலுங்களா?” என்று கேட்பது வழக்கம். எழவு வீட்டுக்கும் அதேபோலச் சேர்ந்துதான் போவோம். இந்த ஒட்டுதல் இருந்துமே குளிர்காலத்தில் கரை வெறிச்சோடியது. அதுதான் எங்களுக்கு முதலில் பிடிபடவே இல்லை.

அந்த விடியற்காலை

முன்பெல்லாம் மார்கழி ஞாயிறுகளில் எடைப் போட்டி வைப்போம். காலை நாலரைக்குப் புறப்பாடு. வேப்பங்கிளையில் ஒரு கொக்கித் தராசு தொங்கும். பத்து மணிக்குள் யாருடைய மீன் அதிக எடையோ அவருக்கு ஒரு ரீலோ நல்ல நரம்புச் சுருளோ பரிசு. தொடங்கிய வருசம் உற்சாகமாகத்தான் இருந்தது. போகப்போக அது இடப் போட்டியாக மாறியது. ஆறு திரும்புகிற மடுவும், புங்கமரத்து நிழல் விழும் ஆழமும் யாருக்கு என்று சண்டை. முதல் நாள் ராத்திரியே துண்டு போட்டு இடம் பிடித்தவர்களும் உண்டு.

எங்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தறி ஓட்டி ஓய்ந்தவர். எல்லோருக்கும் அவர் அப்புச்சி. ஒரு மார்கழி ஞாயிறு, பேரனுக்கு நல்ல இடம் பிடித்துத் தரலாம் என்று எல்லோருக்கும் முன்னால் இறங்கினார். பனி மூட்டம், எதிரே நிற்கிற ஆள் தெரியாது. படித்துறையின் கடைசிக் கல்லில் பாசி. வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அன்றைக்குக் கரையில் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பெரிய மீன் ஒன்று துள்ளுகிறது என்று நினைத்து, சத்தம் வந்த பக்கமாக என் தூண்டிலைத் திருப்பிப் போட்டேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். பேச்சுச் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்று ஒருவரும் வாய் திறக்காமல், டார்ச்சை அணைத்துவிட்டுத் தனித்தனியே உட்கார்ந்திருந்தோம். பேரன் போய்த் தேடியபோதுதான் விசயம் தெரிந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த சனிக்கிழமை பேக்கரியில் கூடவில்லை, அப்புச்சி வீட்டுத் திண்ணையில் கூடினோம். காபி கொண்டுவந்து வைத்த அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மிச்சி, என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்துக் கேட்டார்: “ஏஞ்சாமி, மீனு எத்தன கிலோன்னு எழுதி வெச்சிருக்கறீங்க. கரைக்கு எத்தன பேரு போனீங்க, எத்தன பேரு திரும்பி வந்தீங்கன்னு அதுல இருக்குதுங்களா?”

இல்லை. மீனின் பெயர், எடை, இரை, இடம் எல்லாம் இருந்தது. வந்தவர்கள் பெயர் ஒரு நாளுக்குக்கூட இல்லை. இந்த ஆய்வு உண்மையில் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

ஆள் ஏன் குறைந்தார்கள்

பெட்ரோல் செலவைப் பங்கு பிரித்த துண்டுச் சீட்டுகள் என் வண்டிப் பெட்டியில் கிடந்தன. அவற்றை வைத்து, எந்த மாதம் யார் யார் வந்தார்கள் என்று திரும்பக் கோர்த்தேன். ஐப்பசி வரை இருபதுக்கு மேல் இருந்த கூட்டம் மார்கழியில் பாதிக்கு வந்துவிடுகிறது, மூன்று வருசமும் அப்படியே. குளிருக்கும் சோம்பலுக்கும் பழி போட்டுக்கொண்டிருந்தோம். வராத ஒவ்வொருவரையும் கேட்டபோது வேறு காரணங்கள் வந்தன.

முதல் காரணம் மாலை. கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள், அது முடிந்ததும் தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்கள் என்று எங்களில் பாதிப்பேர் விரதத்தில் இருக்கும் காலம் இது. மாலை போட்டவர் புழுவைத் தொட மாட்டார், மீனைக் கொல்ல மாட்டார். கொங்கு நாட்டில் இது எந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் போட்டியை மார்கழியில் வைத்து, வராதவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். விரதம் இருந்த ஒருவர் சொன்னது: “அண்ணா, மீன் புடிக்கத்தான் வர முடியாது. கூட்டத்துக்கே கூப்புடாம உட்டுட்டீங்களே.”

இரண்டாவது, மீனே அந்த நேரத்துக்கு வரவில்லை. மீனுக்கென்று தனி உடம்புச் சூடு கிடையாது, தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதுதான் அதற்கும். கட்லா, ரோகு நன்றாக மேய்வது தண்ணீர் 25 முதல் 30 பாகை வரை இருக்கும்போது. 20-க்குக் கீழே இறங்கினால் ஜிலேபி மீன் (திலாப்பியா) தீனியை வெகுவாகக் குறைத்துவிடும். மார்கழி விடியற்காலையில்தான் தண்ணீர் அந்த நாளின் மிகக் குறைந்த சூட்டில் இருக்கும். செடி கொடி அடர்ந்த குளமாக இருந்தால் ராத்திரி முழுக்கப் பாசியும் செடியும் சுவாசித்து, நீரில் கரைந்த பிராணவாயுவும் விடியும் முன்தான் ஆகக் குறைவாக இருக்கும். வெயில் ஏறி ஓரத்துத் தண்ணீர் வெதுவெதுப்பானதும், முழங்கால் ஆழத்துக்கே ஜிலேபி ஏறி வரும். நோட்டில் எடை எழுதிய நேரத்தை வரிசையாகப் பார்த்தால் இது அப்பட்டமாகத் தெரிந்தது. மார்கழியில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்பதரைக்கு மேல்தான். கோடையில் விடியற்காலை மீன் வருகிறதே என்று, அதே பழக்கத்தை மார்கழிக்கும் கொண்டுவந்து, ஐந்து மணி நேரம் வெறும் பனியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது அந்தத் தராசு. எடைக்குப் பரிசு என்று வந்ததும் கெளுத்தி, கெண்டை, ஆரல் பிடிக்கிறவர்களுக்கு மரியாதை போய்விட்டது. புதிதாக வந்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. இதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. விரால் தன் குஞ்சுகளை விட்டு அகலாது. செந்நிறமாக ஒரு கொத்துக் குஞ்சு நீர்மட்டத்தில் அலைந்தால், தாயோ தகப்பனோ அடியில் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அதற்கு நடுவே இரையைப் போட்டால் பசிக்காக இல்லாமல் கோபத்தில் வந்து கவ்வும். ஒரு வருசம் முதல் பரிசு வாங்கிய விரால் அப்படிப் பிடித்ததுதான். அது தராசில் தொங்கியபோது நாங்கள் கைதட்டினோம். காவல் போன பிறகு அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் எவ்வளவு நேரம் விட்டுவைத்திருக்கும்?

தூண்டில் இல்லாத இரண்டு மாதம்

திண்ணையில் எடுத்த முடிவு இது: கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் குழுவாக மீன் பிடிக்கப் போவதில்லை. அதற்காக ஊர் சுற்றலை விடுவதும் இல்லை. காலை எட்டு மணிக்குப் பிறகு கிளம்புவது, வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போவது, மாலை போட்டவர்களும் சாப்பிடும்படி சைவமாகக் கட்டிக்கொண்டு போவது.

முதலில் வெள்ளோடு போனோம். சென்னிமலை போகிற வழியில் இருக்கும் அந்தப் பறவைகள் சரணாலயம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தூண்டிலோடு அங்கே நுழைய முடியாது, நுழையவும் கூடாது. கூழைக்கடா நீரில் அலகை விரித்து மீனை அள்ளுவதையும், நீர்க்காகம் முங்கி எங்கோ தள்ளி எழுவதையும், அரிவாள்மூக்கன் சேற்றைக் குத்திக்கொண்டே நடப்பதையும் பிள்ளைகளோடு பார்த்தோம். இருபது வருசமாகத் தூண்டில் போடுகிற ஒருவர், நீர்க்காகம் இறங்குகிற இடத்தை வைத்தே மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் எங்களிடம் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது பவானிசாகர். 1955-இல் கட்டி முடித்த அணை. 105 அடி, 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. மாயாறு வந்து பவானியோடு சேருகிற இடத்தில் அமைந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சமயம், நீர் விரிந்து கிடந்தது. அணைக்குள் மீன்பிடி உரிமை தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தினுடையது. பரிசல்காரர்களின் பிழைப்பு அது, அங்கே நாங்கள் தூண்டிலை நீட்டுவதில்லை. பூங்காவில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். மாயாற்றின் மகசீர் கெண்டையைப் பற்றி வாத்தியார் பிள்ளைகளுக்குச் சொன்னார். திமில் வைத்த அந்தப் பெருமீன் உலகத்திலேயே காவிரிப் படுகையில் மட்டும்தான் உண்டு. 2018-இல் அதை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவித்தார்கள். மாயாறு அதற்கு எஞ்சியிருக்கிற மிகச் சில புகலிடங்களில் ஒன்று. அந்தக் காடு 2013-லிருந்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். “அப்ப கட்லா?” என்று ஒரு பையன் கேட்டான். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வடக்கிலிருந்து கொண்டுவந்து விட்டவை, ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் என்று தெரிந்ததும், நம் ஊர் மீன் எதுதான் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். கெளுத்தி, விரால், ஆரல், குறவை, அயிரை, வாளை என்று அவன் சொல்லச் சொல்ல, வரும் வழி முழுக்க வேனில் இதே பேச்சு.

நொய்யல் ஆற்றுக்கு மட்டும் போகவில்லை. அதன் குறுக்கே இருக்கும் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறந்தது. பாசனத்துக்குக் கட்டியது திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதும், 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அப்புச்சி பிறந்தது அந்த ஆற்றங்கரை. நொய்யலில் அயிரையை வேட்டியில் அள்ளிய கதையை அவர் சொல்வார். அங்கே கூட்டிப் போகலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்.

மார்கழியின் மூன்றாவது ஞாயிறு, வழக்கமாக நாங்கள் உட்காரும் ஒரு குளத்துக் கரையில் நரம்பு பொறுக்கினோம். இது மாலை போட்டவர்கள் முன்னின்று செய்த வேலை. நைலான் நரம்பு ஆண்டுக்கணக்கில் மக்காது, தண்ணீரில் கிடந்தால் கண்ணுக்கும் தெரியாது. கருவேல மரத்தில் ஒரு மடையான் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக்கொண்டிருந்தது. லேத் பட்டறைக்காரர் தோளில் கிடந்த கறுப்புத் துண்டால் அதன் தலையை மூடிப் பிடித்துக்கொள்ள, அவர் மனைவி நகவெட்டியால் காலைச் சுற்றியிருந்த நரம்பை ஒவ்வொரு சுற்றாக அறுத்தார். ஏழு சுற்று. நரம்பு தோலுக்குள் இறங்கியிருந்தது. விட்டதும் தத்திப் பறந்து எதிர்க்கரைக் கோரையில் உட்கார்ந்தது. அந்த நரம்பு பச்சை நிறம். எங்கள் குழுவில் நாலு பேர் வாங்குகிற அதே வகை.

பூ நோம்பியும் ஒரே சட்டியும்

மீன் பிடிக்கிற நாளை தை மூன்றுக்கு மாற்றினோம். பூப்பறிக்கிற நோம்பி அன்று பெண்களும் பிள்ளைகளும் பலகாரம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் தோட்டத்துக்கும் போவது எங்கள் பக்கத்து வழக்கம். வீடே கரைக்குக் கிளம்புகிற நாளில் ஆண்கள் மட்டும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வேறு திசையில் போவானேன் என்று ஒரு அம்மணி கேட்ட கேள்வியிலிருந்து வந்த யோசனை இது.

அத்தாணிக்குக் கீழே பவானிக் கரையில் உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரர் தோட்டம். மஞ்சள் வெட்டுக்குத் தயாராகத் தாள் காய்ந்து நின்றது. அணையிலிருந்து ஆற்றில் கூடுதலாகத் தண்ணீர் விடுகிறார்களா என்று முதல் நாளே, தண்ணீர் திறப்பைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் கேட்டுக்கொண்டோம். மேலே சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஆற்றில் மட்டம் ஏறும் என்பதால் இதை இப்போது விதியாகவே வைத்திருக்கிறோம். போய் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, நோட்டில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதியது. அம்மிச்சி பெயர் முதல் வரியில்.

பத்து மணிக்குத்தான் தூண்டில் விழுந்தது. தராசு கொண்டுபோகவில்லை. யார் எது பிடித்தாலும் ஒரே சட்டிக்கு. இந்த ஒரு ஏற்பாடு கரையில் ஆட்கள் உட்காரும் முறையையே மாற்றிவிட்டது. நல்ல மடுவைத் தெரிந்தவரே போய்ப் புதியவரைக் கூட்டிவந்து அங்கே உட்கார வைத்தார். காங்கயத்திலிருந்து வந்த தேங்காய்ப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து உருட்டிய உருண்டை ஒரே குண்டானில் நடுவில் இருந்தது. தன் மாவு ரகசியத்தை மூன்று வருசமாகப் பொத்தி வைத்திருந்தவர் அதில் வெல்லத்தைக் கிள்ளிப் போட்டதை எல்லோரும் பார்த்தோம்.

அப்புச்சியின் மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனால் கோலை வீசும் அளவுக்குத் தெம்பில்லை. புங்கமர நிழலில் சமுக்காளத்தில் உட்கார்ந்து முள் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பத்து வயதுப் பெண். மடியில் பறித்த ஆவாரம்பூ. முள்ளின் காதுக்குள் நரம்பை விட்டு, நுனியை நரம்பின் மேலேயே ஆறு சுற்றுச் சுற்றி, நுனியை முதல் வளையத்துக்குள் கோத்து இழுக்கப் போனாள்.

“இரு கண்ணு. எச்சத் தொட்டு எறுக்கு. காஞ்ச நரம்ப இழுத்தீன்னா உரசிச் சூடாயிரும். அப்பறம் மீன் இழுக்கயில அந்த எடத்துலதான் அறும்.”

அவள் நாக்கில் தொட்டு இறுக்கினாள். முடிச்சு வழுவழுவென்று காதை ஒட்டி உட்கார்ந்தது. அதே முள்ளில் மண்புழுவைக் கோத்து ஓரத்தில் போட்டாள். தக்கை முங்கவில்லை, படுத்துக்கொண்டு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. “இப்ப” என்றார் அப்புச்சி. உள்ளங்கை அகல ஜிலேபி. அதை நனைந்த கையால் எப்படிப் பிடிப்பது, முதுகு முள்ளை எப்படித் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி மடக்குவது என்று காட்டினார்.

இரண்டு மணிக்கெல்லாம் ஜிலேபி, கெண்டை, இரண்டு கெளுத்தி, ஒரு நடுத்தர ரோகு சேர்ந்துவிட்டன. சொரசொரப்பான கல்லில் சாம்பலைப் போட்டு உரசிச் செதில் எடுக்க ஆண்கள் உட்கார்ந்தோம். கொத்தமல்லி, மிளகாய், சீரகம் வறுத்து, சின்ன வெங்காயத்தோடும் தேங்காயோடும் அம்மியில் அரைத்த குழம்பு மண்சட்டியில் கொதித்தது. பழனிக்கு மாலை போட்டிருந்தவர்களுக்குத் தள்ளி வேறு அடுப்பு, புதுப் பாத்திரம், அரிசியும் பருப்பும் சாதம். இரண்டு பக்கமும் ஒப்புட்டும் முறுக்கும் போய் வந்தன. சாயங்காலம் பிள்ளைகள் கும்மி தட்ட, அம்மிச்சி பாட்டெடுத்தார். கிளம்பும்போது நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். எல்லோரும் இருந்தார்கள்.

கிடைத்தது, தீராதது

அடுத்த குளிர்காலத்தில் வருகை குறையவில்லை. மாலை போட்ட உறுப்பினர்கள்தான் கார்த்திகை, மார்கழிப் பயணங்களை இப்போது ஏற்பாடு செய்கிறார்கள். பேக்கரிக் கூட்டத்துக்கு மூன்று பெண்கள் தவறாமல் வருகிறார்கள். ஒருவர் முள் கட்டுவதில் எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார்.

இழப்பும் உண்டு. எடைப் போட்டி போனதும் எங்களில் கைதேர்ந்த இருவர் விலகினார்கள். பெரிய மீனோடு மல்லுக்கட்டும் அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் வந்தோம் என்று நேராகவே சொன்னார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வாளை மீனை அவசரப்படாமல், நரம்பை விட்டு இழுத்து, களைக்க வைத்துக் கரை சேர்க்கும் வித்தை அவர்களிடமிருந்து நாங்கள் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை. மாசிக்குப் பிறகு, பிடித்ததை அளந்துவிட்டு அங்கேயே திரும்ப விடுகிற ஒரு நாளை வைத்து அவர்களைக் கூப்பிடலாம் என்று நான் நினைக்கிறேன். குழுவில் இன்னும் சம்மதம் வரவில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடுவதில்லை என்பதில் மட்டும் இப்போதே எல்லோரும் ஒரே பேச்சு. நாட்டு மீனின் குஞ்சையெல்லாம் தின்று தீர்க்கிற மீன் அது, வளர்ப்பதற்கே தடை இருக்கிறது.

நரம்புக்கு வழி பாதிதான் கிடைத்திருக்கிறது. வெட்டிய துண்டைப் போட ஆளுக்கொரு மூடி வைத்த டப்பா கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமைக் கூட்டத்தில் அதைப் பேக்கரியில் கொட்டிக் காட்ட வேண்டும். எங்கள் குழுவில் சரி. அதே குளத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் உட்காருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல், போன மாதம் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தூண்டில் போட்டோம். இரண்டு பேர் டப்பா கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சந்தா நோட்டில் இன்னும் குடும்பத்துக்கு ஒரு பெயர், அதுவும் ஆண் பெயர்தான் இருக்கிறது. அந்த மூன்று பெண்களின் பெயரில் தனி வரி போட வேண்டும் என்று வருகிற சனிக்கிழமை கூட்டத்தில் எடுக்கப் போகிறேன்.